மரச்சீனி மாவில் சன்னல் அலங்காரம்: வெடிப்பு, பிசுபிசுப்பு, பூஞ்சை பற்றிய ஒரு விரிவான பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்கு அருகே வசிக்கும் ஒரு தாய், தம் 9 வயது மகளோடும் 6 வயது மகனோடும் சேர்ந்து வீட்டிலேயே மாவுச்சத்திலிருந்து உயிரி பிளாஸ்டிக் காய்ச்சி, சன்னலில் தொங்கவிடும் வண்ண வில்லைகள் செய்ய முயன்றிருக்கிறார். மார்ச் மாதத்தில் கடையில் வாங்கிய சோளமாவில் செய்தவை இரண்டே நாளில் வெடித்து நொறுங்கிவிட்டன. ஜூன் மாதத்தில் அதே அளவில் செய்தவை ஒரு வாரமாகியும் காயாமல் பிசுபிசுத்து, ஓரங்களில் கறுப்புப் புள்ளி பூத்தன. எங்கே தவறு நேர்ந்தது, சோளமாவுக்குப் பதிலாக நம் ஊர் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கைப் பயன்படுத்தலாமா, குழந்தைகளுக்கு இது ஆபத்தில்லாததா, உண்மையிலேயே இதைப் பிளாஸ்டிக் என்று சொல்லலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

எல்லைப்புறப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்துவிட்டு, இப்போது சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளோடு இத்தகைய வேலைகளைச் செய்துவருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். மார்ச்சில் வெடித்ததற்கும் ஜூனில் பூஞ்சை பிடித்ததற்கும் காரணம் ஒன்றே. நாம் மாவைக் காய்ச்சுவதாக நினைக்கிறோம். ஆனால் வேலையின் பெரும்பகுதி தண்ணீரை உள்ளே விடுவதும், பின்னர் அதை எந்த வேகத்தில், எந்த அளவுக்கு வெளியே போகவிடுவது என்பதும்தான். செய்முறைக் குறிப்புகள் பெரும்பாலும் உலர்ந்த காற்றுள்ள ஊர்களில் எழுதப்பட்டவை. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் பகுதியில் அவற்றை அப்படியே பின்பற்றினால் உங்களுக்கு நேர்ந்ததே நேரும்.

இது என்ன பொருள் என்பதைக் குழந்தைகளுக்கு விளக்க ஆய்வகம் வேண்டியதில்லை. ஜவ்வரிசி வற்றல் போதும். கூழாகக் காய்ச்சி, துணியிலோ தாளிலோ ஊற்றிக் காயவைத்தால், வெள்ளையாக இருந்த ஜவ்வரிசி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வில்லையாகிறது அல்லவா? நாம் செய்யப்போவதும் அந்த வற்றலே. உப்புக்கும் மிளகாய்க்கும் பதிலாகக் கிளிசரின் சேர்ப்பதால் அது நொறுங்காமல் வளைகிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அமைலோஸ் என்னும் நேரான சங்கிலியும், அமைலோபெக்டின் என்னும் கிளைவிட்ட சங்கிலியும் சிறு மணிகளுக்குள் இறுக்கமாகச் சுருண்டிருக்கின்றன. தண்ணீரில் கலந்து சூடேற்றும்போது, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் ஏறுகையில், அந்த மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி உடைந்து சங்கிலிகளை வெளியே விடுகின்றன. பால்போல் இருந்த கலவை சட்டென்று கெட்டியாகி, தெளிந்து, பளபளக்கும் அந்தக் கணத்தைக் குழந்தைகள் அவசியம் பார்க்க வேண்டும். அடுப்பிலிருந்து எட்டி நின்று பார்த்தாலும் போதும். என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் முறை பார்க்கும்போது ஏதோ மருந்து கலந்ததாகவே நினைக்கிறார்கள்.

பிறகு தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி, பின்னிக்கொண்டு தாளாகின்றன. கஞ்சி போட்ட வேட்டி முடமுடப்பாவது இதனால்தான். கிளிசரின் மட்டும் ஆவியாகாமல் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே தங்கி, அவை ஒன்றின்மேல் ஒன்று நழுவ இடம் கொடுக்கிறது. நெகிழ்ச்சி அதனால் வருகிறது. கூழில் சேர்க்கும் வினிகரில் உள்ள அமிலம் சங்கிலிகளைச் சற்றே துண்டித்துக் கூழை இளக்கிச் சீராகப் பரவ உதவுகிறது. அது இல்லாமலும் செய்யலாம். வண்ணங்களைப் பற்றிச் சொல்லும்போது அதை வேண்டுமென்றே விட்டுவிடும் இடங்களையும் குறிப்பிடுகிறேன்.

ரப்பர் தோட்டம் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு இன்னொரு ஒப்புமை தானாகவே தோன்றும். ரப்பர் பாலில் ஆசிட் விட்டு, தட்டில் உறையவைத்து, மறுநாள் உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிக் காயப்போடுவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதுவும் மரம் தரும் நீண்ட சங்கிலிப் பொருள்தான். ஆனால் அங்கே பாலில் மிதக்கும் ரப்பர்த் துளிகள் அமிலத்தால் ஒன்றுசேர்ந்து உறைகின்றன. இங்கே கூழ் காய்ந்தால்தான் தாளாகும், வினிகர் அதை உறையவைப்பதில்லை. ஒப்புமையைச் சொல்கிற அதே வேளையில் ஓர் எச்சரிக்கையையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ரப்பருக்குப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் வினிகரைப்போலவே நிறமற்றது, அதைப்போலவே மூக்கைத் துளைக்கும் வாடையுள்ளது. ஆனால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கக்கூடியது. ரப்பர் உள்ள வீடுகளில் அந்தக் குப்பி இந்த வேலை நடக்கும் இடத்தின் பக்கமே வரக்கூடாது. வினிகர் தீர்ந்துவிட்டால் எலுமிச்சைச் சாறு விடுங்கள், அல்லது ஒன்றும் விடாமல் செய்யுங்கள்.

மரச்சீனியைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், நம் ஊரில் வேறு எதையும் தேட வேண்டியதில்லை என்பதே. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது இந்தப் பகுதி மக்களின் பசியைத் தணித்ததும் இதுவே. கிழங்குப் பயிர்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் 1963இல் திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் அமைந்ததும் பொருத்தமே. அலங்கார வேலைக்கு மரச்சீனியின் சிறப்பு வேறு. சோளமாவைவிட இதில் அமைலோஸ் குறைவு. கொழுப்பும் புரதமும் மிகக் குறைவு. ஆகவே கூழ் தெளிவாக வரும், காய்ந்த தாளும் சோளமாவுத் தாளைவிட ஒளியை நன்றாக விடும். சன்னலுக்கு வேண்டியது அதுதானே.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். உணக்கிய கிழங்கை இடித்துச் சலித்த மாவில் நாரும் இருக்கும். அதில் செய்த தாள் மங்கலாகவும் எளிதில் கிழிவதாகவும் இருக்கும். நமக்கு வேண்டியது கிழங்கைக் கரைத்துத் தெளியவைத்து எடுத்த மாவுச்சத்து. கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் கூவைக்கிழங்கு மாவும் இப்படித் தெளிவித்து எடுத்ததே. வீட்டில் அது இருந்தால் அதுவும் மிக நன்றாக வரும்.

மாவுச்சத்தைக் குழந்தைகளோடு சேர்ந்து கிழங்கிலிருந்தே எடுப்பது அரைநாள் வேலை. ஆனாலும் கடை மாவு வாங்குவதைவிட அதையே நான் பரிந்துரைப்பேன். கிழங்கின் வெளித்தோலையும் உள்தோலையும் பெரியவர் சீவிவிட்டு, துருவியில் துருவி, துருவலை மெல்லிய துணியில் கட்டி, தண்ணீர் உள்ள பாத்திரத்தில் பிசைந்து பிழிய வேண்டும். பிசையும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். பால்போல் இறங்கும் தண்ணீரைப் பார்ப்பதில் அவர்களுக்குள்ள மகிழ்ச்சி வேறு. அந்தத் தண்ணீரை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு கெட்டியாகப் படியும். மேல் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி மறுபடியும் தெளியவிட வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்தபின், சுளவில் (முறத்தில்) துணி விரித்து வெயிலில் காயவைத்தால், ஒரு கிலோ கிழங்கில் 150 கிராம் அளவுக்காவது மாவு கிடைக்கும். ஒரு சிட்டிகையில் ஒரு சொட்டு டிங்சர் அயோடினைப் பெரியவர் விட்டுக் காட்டினால் கருநீலமாக மாறும். பிழிந்த சக்கையிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு மாவு இன்னும் அதில் தங்கியிருக்கிறது என்பது தெரியும்.

இந்த வேலையில் விட்டுக்கொடுக்கக்கூடாத ஒரு விதி உண்டு. பச்சைக் கிழங்கிலும் அதன் பிழிந்த தண்ணீரிலும் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். மரச்சீனி இலையை மேய்ந்த ஆடு செத்துப்போன கதை இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். ஆகவே குழந்தைகள் துருவலை வாயில் போடக்கூடாது. பிழிந்த தண்ணீரை ஆடும் கோழியும் குடிக்கும் இடத்தில் கொட்டக்கூடாது. வேலையை முற்றத்திலோ திண்ணையிலோ காற்றோட்டமாகச் செய்ய வேண்டும். லினமரின் தண்ணீரில் கரைவதால், மும்முறை கழுவி வெயிலில் காய்ந்த மாவு கையாளப் பயமில்லாதது.

இனி அளவுகள். மாவு 10 கிராம், அதாவது சற்றே கும்பலான ஒரு மேசைக்கரண்டி. தண்ணீர் 80 மில்லிலிட்டர். வினிகர் ஒரு தேக்கரண்டி. மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் அரைத் தேக்கரண்டி, ஏறத்தாழ 3 கிராம். பல குறிப்புகளில் கிளிசரின் ஒரு முழுத் தேக்கரண்டி என்றிருக்கும். உங்கள் ஜூன் மாதத் தாள் பிசுபிசுத்ததற்கு அதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன், ஏனெனில் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். மழை மாதங்களில் அரைத் தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சு போன்ற வறண்ட மாதங்களில் முக்கால் தேக்கரண்டி வரை ஏற்றலாம். மார்ச்சில் உங்கள் தாள் வெடித்தது கிளிசரின் குறைந்ததால் அல்ல, வெயிலில் வேகமாகக் காய்ந்ததால் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே கட்டியில்லாமல் கலக்க வேண்டும். அளப்பதும் கலக்குவதும் குழந்தைகளின் வேலை. அடுப்பு பெரியவருடையது. இதில் சமரசம் வேண்டாம், ஏனெனில் கொதிக்கும் கூழ் வெந்நீரைப்போல் வழிந்து ஓடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். குறைந்த தீயில் விடாமல், ஆனால் அடித்துக் கலக்காமல், மெதுவாகக் கிண்ட வேண்டும்; வேகமாகக் கிண்டினால் காற்றுக் குமிழ் புகுந்து தாளில் பொத்தலாகத் தெரியும். முழுதும் தெளிந்து பளபளத்தபின் மேலும் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் குழந்தைகளிடம் கொடுக்கலாம்.

ஊற்றும் தளத்தைப் பொறுத்தே பாதி வெற்றி. கண்ணாடியிலும் எவர்சில்வர் தட்டிலும் மாவுத் தாள் பிடித்துக்கொண்டு, உரிக்கும்போது கிழியும். பழைய பிளாஸ்டிக் கோப்பு உறையைக் கத்தரித்து, பலகையில் விரித்து ஒட்டிக்கொண்டால் தாள் தானாகக் கழன்றுவரும். வாழையிலையில் ஊற்றினால் நரம்புகள் அழகாகப் பதியும், ஆனால் இலை வாடும்போது தாளையும் சேர்த்துச் சுருட்டும். எனவே இலையை நாற்புறமும் கட்டையால் அழுத்தி வைத்து, தாள் தோல்போல் இறுகியவுடன் மாற்றிவிட வேண்டும். கனம் 3 மில்லிமீட்டர் போதும். மேலே சொன்ன அளவு ஒரு சிறிய சாப்பாட்டுத் தட்டின் பரப்புக்குச் சரியாக வரும்.

இப்போது இந்தப் பதிலின் நடுவான விஷயத்துக்கு வருகிறேன். ஊற்றிய கூழில் இருக்கும் ஏறத்தாழ 80 கிராம் தண்ணீர் போனபின் மிஞ்சுவது 15 கிராம் அளவுள்ள தாள். மூன்று மில்லிமீட்டராக இருந்தது அரை மில்லிமீட்டராக மெலிகிறது. இவ்வளவு சுருங்குவது எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடந்தால் தாள் மெலிவதோடு நிற்கும். நேர் வெயிலில் வைக்கும்போது ஓரமும் மேல்பரப்பும் முதலில் காய்ந்து இறுகிவிட, நடுவும் அடியும் பின்னர் சுருங்க முயலும்போது இழுபறி ஏற்பட்டு, தாள் வெடிக்கிறது அல்லது படகுபோல் வளைகிறது. மார்ச் மாதத்தில் மொட்டை மாடியில் வற்றலோடு சேர்த்து வைத்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வற்றல் வெடித்தால் எண்ணெயில் பொரித்துவிடலாம். இதற்கு அந்த வழியில்லை.

ஆகவே வெயில் காலத்தில் நிழலில் வைத்து, முதல் நாள் மேலே மெல்லிய துணியைத் தாளில் படாதபடி கூடாரமாகக் கட்டி, மெதுவாகக் காயவிட வேண்டும். மழைக் காலத்தில் இதற்கு நேர்மாறு. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் தண்ணீர் போக இடமில்லை. மின்விசிறிக்கு நேர்கீழே, சுவரிலிருந்து தள்ளி, அடியிலும் காற்றுப் போகும்படி இரண்டு கட்டைகள்மேல் பலகையை வைக்க வேண்டும். கனத்தையும் 2 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஈரம் மூன்று நாளுக்குமேல் தங்கினால் பூஞ்சை வந்துவிடும் என்பது என் அனுபவம். அடைமழை பெய்யும் வாரத்தில் தொடங்காமல் இருப்பதே நல்லது; குழந்தைகள் எவ்வளவு கேட்டாலும் அந்த வாரம் கிழங்கிலிருந்து மாவு எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளக்கூட முடியாது, ஏனெனில் அந்த மாவுக்கும் வெயில் வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. புறங்கையைத் தாளின் நடுவில் மெதுவாக வைத்தால், தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை அது சில்லென்று இருக்கும்; ஓரத்துக்கும் நடுவுக்கும் குளிர்ச்சியில் வேறுபாடு மறைந்தபின் உரிக்கலாம். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. 9 வயதுக் குழந்தை தினமும் காலையிலும் மாலையிலும் பலகையோடு எடைபோட்டுக் குறித்துவந்தால், எடை முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் இறங்கி ஓரிடத்தில் நிற்பதைத் தானே கண்டுகொள்ளும். முடித்துத் தொங்கவிட்ட தாளையும் மழை நாளில் ஒருமுறை எடைபோடச் சொல்லுங்கள். காய்ந்துபோனது என்று நாம் நினைத்த பொருள் காற்றிலிருந்து தண்ணீரைத் திரும்ப எடுத்துக் கனத்திருப்பதைக் காணும்போது குழந்தை கேட்கும் கேள்விகளுக்காகவே இவ்வளவு பாடும் படலாம்.

பூஞ்சையைத் தடுக்கக் கூழ் ஆறும்போது இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடலாம். அதிலுள்ள யூஜெனால் பூஞ்சையை அடக்கக்கூடியது. புவிசார் குறியீடு பெற்ற கிராம்பு விளையும் மாவட்டம் நம்முடையது, ஆகவே அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனால் முன்பு மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்த வழக்கத்தைக் கேள்விப்பட்ட சிலர் இதிலும் அதைக் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, அது நஞ்சு, குழந்தைகள் தொடும் பொருளில் அதற்கு இடமில்லை. புள்ளி பூத்துவிட்ட தாளைத் துடைத்துக் காப்பாற்றவும் முயல வேண்டாம். மண்ணில் புதைத்துவிட்டு வேறு செய்யுங்கள்.

வண்ணத்துக்குக் கடைச் சாயத்தைவிட முற்றத்துச் செடிகளையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அவற்றில் ஒவ்வொன்றும் அமிலத்தைக் கண்டால் ஒருவிதமாக நடந்துகொள்ளும். சங்குப்பூ ஊறிய தண்ணீரில் வினிகர் இல்லாமல் காய்ச்சினால் தாள் நீலமாக வரும். வினிகர் விட்டால் ஊதாவாகும். இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றிக் காட்டினால் வேறு விளக்கமே வேண்டாம். பதிமுக மரக்கட்டைச் சீவல் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர் நம் பகுதி வீடுகளிலும் கேரளத்து உணவகங்களிலும் எல்லாரும் குடிப்பது. அதை நம்பி வினிகரும் சேர்த்து ஊற்றினால் மஞ்சளாகிவிடும். வினிகரை விட்டுவிட்டு ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்தால் ஆழ்ந்த சிவப்பு வரும். மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாது, தாளைச் சற்று மங்கலாக்கும், சன்னல் வெயிலில் சில நாட்களிலேயே வெளுத்தும்போகும். பீட்ரூட்டும் வெளுக்கும், அதன் சாற்றைக் கூழ் ஆறியபின்னரே சேர்க்க வேண்டும், கொதியில் நிறம் கெடும். கீரைப் பச்சை, வினிகர் பட்டால் பாசிநிறமாக மாறிவிடுவதால் அதை நான் கைவிட்டுவிட்டேன். ஜிகினாத் தூள் எக்காரணத்தாலும் வேண்டாம். பொதுவாகக் கிடைக்கும் ஜிகினா நுண்ணிய பாலியெஸ்டர்த் துகள், அதைக் கலந்தால் மண்ணுக்குப் போகக்கூடிய பொருளைப் போகமுடியாததாக மாற்றிவிடுகிறோம்.

உருவங்களைப் பொறுத்தவரை, முழுதும் காய்ந்த தாளைக் கத்தரித்தால் ஓரம் சிதறும். தோல்போல் வளைகிற பருவத்தில், பெரும்பாலும் இரண்டாம் நாளில், கத்தரிப்பதே எளிது. தவறவிட்டால் ஈரத் துணியை அரை மணி நேரம் மேலே விரித்து வைத்தால் மீண்டும் இளகும். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி என்பதால் ஓணம் இங்கே நம்முடைய பண்டிகையும் ஆகும்; சங்குப்பூ நீலத்திலும் பதிமுகச் சிவப்பிலும் இதழ்கள் வெட்டி, கெட்டிக் கூழையே பசையாகத் தொட்டு ஒன்றன்மேல் ஒன்று சிறிதளவு ஏறும்படி ஒட்டி, சன்னலுக்கு ஓர் அத்தப்பூக்களம் செய்யலாம். டிசம்பரில் வீட்டு வாசல்களில் நட்சத்திரம் தொங்கும் ஊரில் அதற்கும் இது பொருந்தும். தென்னை ஈர்க்கிலை நட்சத்திரமாகக் கட்டி, இன்னும் ஈரமுள்ள தாளை அதன்மேல் போர்த்திக் காயவிட்டால் அது சுருங்கும்போதே சட்டத்தில் முரசுத் தோல்போல் இறுகிக்கொள்ளும். இங்கே சுருக்கம் நமக்கு உதவி செய்கிறது. உள்ளே சிறிய எல்.இ.டி. விளக்கு வைக்கலாம், மெழுகுவர்த்தி வைக்கக்கூடாது, இது எரியும் பொருள்.

நம் பக்கத்து வீடுகளில் கண்ணாடிச் சன்னல் இல்லாமல் கம்பியும் மரக்கதவும் மட்டுமே உள்ள இடங்களில் நூலில் கோத்துக் கம்பியில் தொங்கவிடலாம். கண்ணாடி உள்ள இடத்தில் தாளின் பின்புறத்தை ஈர விரலால் தொட்டு அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும். எப்படி வைத்தாலும் சாரல் அடிக்கும் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும்.

மாவு தவிர வேறு இரண்டு பொருள்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். நோன்புக் காலத்தில் தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களின் வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவது வழக்கம். சைனா கிராஸ் என்றும் கடைகளில் கிடைக்கும் அந்த அகர், மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்றவற்றிலிருந்தும் தயாராகிறது. 5 கிராமை 250 மில்லிலிட்டர் தண்ணீரில் முழுதும் கரையக் கொதிக்கவைத்து, ஒரு தேக்கரண்டி கிளிசரின் சேர்த்து ஊற்றினால், 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும். மிகச் சிறு குழந்தைகளுக்கு இதுவே ஏற்றது, காரணம் ஊற்றிய அரைமணி நேரத்தில் கையில் ஏதோ கிடைத்துவிடுகிறது. ஆனால் காயும்போது மாவைவிட அதிகமாகச் சுருங்கிச் சுருளும். ஜெலட்டின் தாள் எல்லாவற்றையும்விடக் கண்ணாடித் தெளிவானது. 12 கிராம் ஜெலட்டின், 60 மில்லிலிட்டர் தண்ணீர், 3 கிராம் கிளிசரின் என்பது அளவு. அது மாட்டின் அல்லது பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கப்படுவது என்பதைப் பிற வீட்டுக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும்போது அவர்கள் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தவிர, அது 30 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்குவதால் நம் ஊர் ஏப்ரல் மாதத்தில் உறையவே குளிர்பெட்டி தேவைப்படும்.

இதைப் பிளாஸ்டிக் என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு, குழந்தைகளிடம் மிகைப்படுத்தாமல் பதில் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது, நெகிழ்த்தி வார்க்கக்கூடியது என்ற பொருளில் இது பிளாஸ்டிக்கின் இனமே. கடைப் பைக்கு மாற்றாகுமா என்றால் ஆகாது. தண்ணீரில் நனைந்தால் கூழாகிவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலும், கேரளம் 2020 ஜனவரி 1 முதலும் தடைசெய்தன. எல்லையின் இரு பக்கமும் கடைக்குப் போய்வரும் குழந்தைகளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆகவே “உயிரி” என்ற சொல்லில் இரண்டு பொருள் கலந்திருப்பதை அவர்களுக்குப் பிரித்துக் காட்டலாம். பிரேசிலில் கரும்பிலிருந்து செய்யப்படும் பாலித்தீன் செடியிலிருந்து வந்தது, ஆனாலும் மற்றப் பாலித்தீனைப் போலவே மட்காது. பெட்ரோலியத்திலிருந்து வந்தும் மட்கக்கூடிய பாலியெஸ்டர்களும் உள்ளன; மட்கும் பை என்று விற்கப்படுபவற்றில் பல, மாவுச்சத்தோடு அத்தகைய பாலியெஸ்டரைக் கலந்து செய்தவை. பாலிலாக்டிக் அமிலம் எனப்படும் பி.எல்.ஏ. சோளம், மரச்சீனி போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து வந்தாலும், நன்கு மட்குவதற்கு 60 டிகிரியை நெருங்கும் சூடுள்ள பெரிய உரக்கிடங்கு வேண்டும். நம் தென்னை மூட்டில் போட்டால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

தொங்கவிட்டபின் உங்களுக்கு வரப்போகும் தொல்லை எறும்பும் கரப்பானும் இராமபாணப் பூச்சியும்தான். மாவு அவற்றுக்கு உணவு, கிளிசரினோ இனிப்பானது. நூலின் மேல்முனையில் சிறிது வேப்பெண்ணெய் தடவினால் எறும்பு இறங்குவது குறையும். இரவில் கழற்றி டப்பாவில் வைப்பதையும் சில வீடுகளில் செய்கிறார்கள்.

அடுத்த கிறிஸ்துமசுக்கும் இந்த நட்சத்திரம் இருக்குமா என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இருக்காது என்று சொல்லிவிடுங்கள். நிறம் வெளுத்து, ஓரம் சுருண்டதும், நூலையும் ஈர்க்கிலையும் தனியே எடுத்துவிட்டு, தாளை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுதும் ஊறப்போட்டால் காலையில் வழுவழுப்பான கூழாகக் கிடக்கும். அதை அவளே கொண்டுபோய் மரச்சீனி மூட்டில் ஊற்றட்டும்.